வானிலையால் விமானம் தாமதமானால் பயணக் காப்பீடு எவ்வளவு கைகொடுக்கும்?

அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலிருந்து விமானத்தில் புறப்பட இருப்பவர்கள், டிக்கெட்டைச் சரிபார்க்கும் அதே கவனத்தோடு வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையையும் பார்க்கப் பழகிவிட்டார்கள். 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் புகுந்ததில் நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. அந்த இடைவெளியில் அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளத்திலிருந்து சில பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல், 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் என்று அதன் பிறகும் விமான நிலையம் மூடப்பட்ட நாட்கள் உண்டு. மூடப்படாத நாட்களிலும், இடி மழை ஒரு மணி நேரம் நின்று பெய்தால் போதும், தரையிறங்க வேண்டிய விமானங்கள் வானத்தில் வட்டமிடுவதும், பெங்களூருக்குத் திருப்பி விடப்படுவதும் நடக்கிறது.

இப்படிப்பட்ட நாளில் சிக்கிக்கொண்ட பயணிக்கு எழும் முதல் கேள்வி, இதற்கான செலவை யார் தருவார்கள் என்பதுதான். டிக்கெட் வாங்கும்போது சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டிப் பயணக் காப்பீடும் எடுத்திருந்தால், அது தரும் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. சில நேரங்களில் தரும். பல நேரங்களில் தராது. தருவதும் தராததும் பயணி பட்ட அவதியைப் பொறுத்தது அல்ல. தாமதம் எத்தனை மணி நேரம், எந்தக் காரணத்தால், டிக்கெட் எப்படி எடுக்கப்பட்டிருந்தது, கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. புதிதாகப் பாலிசி வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் வீண் எதிர்பார்ப்பும் இருக்காது, கிடைக்க வேண்டியதை விட்டுவிடவும் மாட்டார்கள்.

காப்பீட்டுக்கு முன்னால் விமான நிறுவனத்தின் கடமையைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கடமை நின்றுபோகும் இடத்தில்தான் காப்பீட்டுக்கு வேலை வருகிறது. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வகுத்துள்ள விதிகளின்படி, விமானம் தாமதமானால் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். பறக்கும் நேரம் இரண்டரை மணி வரை உள்ள வழித்தடத்தில் 2 மணி நேரத் தாமதத்துக்குப் பிறகும், இரண்டரை முதல் ஐந்து மணி வரை உள்ள வழித்தடத்தில் 3 மணி நேரத்துக்குப் பிறகும், மற்றவற்றில் 4 மணி நேரத்துக்குப் பிறகும் இந்தக் கடமை தொடங்குகிறது. தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ தங்குமிடமும் உண்டு. விமானத்தை உரிய அறிவிப்பின்றி ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 ரூபாய், 7,500 ரூபாய், 10,000 ரூபாய் என்ற உச்சவரம்புகளுக்குள் இழப்பீடும் சொல்லப்பட்டிருக்கிறது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே விதிகளில், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழ்நிலைகளுக்கு விலக்கு உண்டு. இயற்கைப் பேரிடர், வெள்ளம், வானிலை ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. எனவே புயலால் விமானம் ரத்தானால் டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது மாற்று விமானத்தில் இடம் கேட்கலாம். அதற்கு மேல் ரொக்க இழப்பீட்டை எதிர்பார்க்க முடியாது. உணவும் அறையும்கூட அந்தந்த நிறுவனத்தின் தயவில் நிற்கும் நிலை வரலாம். பன்னாட்டுப் பயணங்களில் இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கும் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையும், தாமதத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்யக்கூடிய அனைத்தையும் செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் அதற்குப் பொறுப்பில்லை என்றே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதி சற்றுத் தாராளமானது: வானிலைக்கு இழப்பீடு கிடையாது என்றாலும், சாப்பாடும் தங்குமிடமும் தரும் கடமையிலிருந்து அங்கே நிறுவனம் நழுவ முடியாது.

ஆக, மழைக்கு யாரும் குற்றவாளி இல்லை. குற்றவாளி இல்லாத நட்டத்துக்குத்தான் காப்பீடு.

ஒரு பயணக் காப்பீட்டுப் பாலிசியைத் திறந்து பார்த்தால், நாம் பொதுவாக விமானத் தாமதம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சங்கடம் அதில் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது தெரியும். பயணத் தாமதம் ஒன்று. இணைப்பு விமானத்தைத் தவறவிடுதல் இன்னொன்று. புறப்படும் முன்பே பயணம் ரத்தாவது வேறு. பாதியில் சுருக்கிக்கொண்டு திரும்புவது வேறு. பெட்டி தாமதமாக வந்து சேர்வதும் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு, தனி நிபந்தனை, தனி விலக்கு. அட்டவணையில் ஒரு பிரிவு இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை, அவ்வளவுதான். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்காக எடுக்கப்படும் மலிவான பாலிசிகளில் பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த விசாவுக்குக் கேட்கப்படுவது குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு. அதை நிறைவேற்றுவதற்காகவே தயாரிக்கப்பட்ட பாலிசியில் விமானத் தாமதம் பற்றிய பிரிவு இல்லாமலே போகலாம்.

தாமதப் பிரிவில் முதலில் கண்ணில் பட வேண்டியது ரூபாயோ டாலரோ அல்ல, மணிக்கணக்கு. அட்டவணையில் டிடக்டிபிள் என்று எழுதி, எதிரே 6 மணி என்றோ 12 மணி என்றோ போட்டிருப்பார்கள். உள்நாட்டுப் பயணத்துக்கான சில பாலிசிகளில் இது குறைவாகவும் இருக்கும். அந்த நேரம் தாண்டும் வரை காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை தாமதம் எதுவும் நடக்கவில்லை. எடுத்துக்காட்டாக, முதல் 6 மணி நேரம் கழித்து, அதன் பிறகு நிறைவடையும் ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும் 2,000 ரூபாய், அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று ஒரு பாலிசியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மணி ஐம்பது நிமிடம் காத்திருந்தவருக்கு ஒன்றும் இல்லை. பதின்மூன்று மணி நேரம் காத்திருந்தவருக்கு, முதல் 6 மணி நேரம் போக மிஞ்சுவது 7 மணி நேரம். அதில் நிறைவடைந்த 6 மணி நேரத் துண்டு ஒன்றே ஒன்று என்பதால் 2,000 ரூபாய். இதே எண்களை வைத்துக்கொண்டு, 6 மணி நேரம் கடந்துவிட்டால் தொடக்கத்திலிருந்தே கணக்கிடுவோம் என்று எழுதப்பட்ட பாலிசியில் அவருக்கு 4,000 ரூபாய் கிடைக்கும். ஒரே ஒரு தொடரில் தொகை இரண்டு மடங்காகிறது. பிரீமியத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நேரத்தில் கால் பங்கை இந்தத் தொடரைப் படிக்கச் செலவிடுவது நல்லது என்பது என் கருத்து.

மணிக்கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் பாலிசிக்குப் பாலிசி மாறும். சில பாலிசிகள் புறப்படும் நேரத்தில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, சில போய்ச்சேரும் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. டெல்லியிலிருந்து குறித்த நேரத்தில் கிளம்பிய விமானம், சென்னையில் கொட்டும் மழையால் பெங்களூரில் இறக்கப்பட்டு, எட்டு மணி நேரம் கழித்துச் சென்னைக்கு வந்து சேர்கிறது என்றால், புறப்பாட்டை மட்டும் அளக்கும் பாலிசியின் பார்வையில் அந்த விமானம் தாமதமே ஆகவில்லை. மழைக்காலத்தில் திருப்பிவிடப்படுதல் சாதாரணமாக நடக்கும் ஊருக்கு வருகிறவர்கள், போய்ச்சேரும் நேரத்தை அளக்கும் பாலிசியைத் தேடுவதே பொருத்தம்.

பணம் தரும் முறையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நேர வரம்பு கடந்தாலே குறிப்பிட்ட தொகை கிடைத்துவிடும், ரசீது தேவையில்லை. மற்றொன்றில், காத்திருந்த நேரத்தில் சாப்பாடு, அறை, வாடகை வண்டி, அவசர ஃபோன் அழைப்பு என்று நியாயமாகச் செய்த செலவை ரசீது பார்த்து ஈடுகட்டுவார்கள். விமான நிறுவனம் ஏற்கெனவே தந்த உணவுக் கூப்பனும் அறையும் அந்தக் கணக்கில் கழிக்கப்படும், ஏனென்றால் ஒரே செலவை இரண்டு இடத்தில் வாங்க முடியாது. கையில் சில்லறை ரசீதுகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் வகைதான் ஏற்றது.

இனிக் காரணத்துக்கு வருவோம். பெரும்பாலான பாலிசிகள் எந்தக் காரணங்களால் ஏற்படும் தாமதத்துக்குப் பணம் தருவோம் என்று பட்டியலிடுகின்றன. மோசமான வானிலை, விமானத்தில் இயந்திரக் கோளாறு, ஊழியர் வேலைநிறுத்தம் ஆகியவை வழக்கமாக அதில் இருக்கும். வானிலை பட்டியலில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. மழை பெய்தது மும்பையில். அங்கிருந்து வர வேண்டிய விமானம் சென்னைக்கு ஐந்து மணி நேரம் தாமதமாக வந்தது. அதே விமானம்தான் நம்மை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். சென்னையில் வெயில் அடிக்கிறது. நமது தாமதத்துக்கு வானிலை காரணமா, வரும் விமானம் தாமதமானது காரணமா?

விமான நிறுவனங்கள் தங்களுக்குள் தாமதத்தைப் பதிவு செய்ய, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வகுத்த இரண்டிலக்க எண்களைப் பயன்படுத்துகின்றன. புறப்படும் இடத்தின் வானிலை என்றால் 71, சேரும் இடத்தின் வானிலை என்றால் 72, வழியில் என்றால் 73. மேலே சொன்ன மும்பை விமானத்தைப் போல, வேறொரு பயணத்திலிருந்து விமானம் தாமதமாக வந்து சேர்ந்தால் 93. நமது விமானத்துக்கு எதிரே 93 என்று பதிவாகியிருந்தால், மூலக் காரணம் மழைதான் என்பதை நாம்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும்.

இதைவிட அன்றாடச் சிக்கல் ஒன்று உண்டு. தாமதச் சான்றிதழ் கேட்டுக் கவுன்டருக்குப் போனால், "மேடம், சிஸ்டத்துல ஆப்பரேஷனல் ரீசன்னுதான் வருது, அதைத்தான் போட்டுத் தர முடியும்" என்று சொல்லிவிடுவார்கள். செயல்பாட்டுக் காரணம் என்ற அந்த இரண்டு சொற்கள் பெரும்பாலான பாலிசிகளின் பட்டியலில் இருக்காது. வாக்குவாதம் செய்யாமல், வானிலை காரணமாக விமானம் தாமதமாகும் என்று நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியையோ மின்னஞ்சலையோ காட்டி, அதே காரணத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடுமாறு பணிவாகக் கேட்பதுதான் வழி. அங்கே கிடைக்காவிட்டால் பிறகு மின்னஞ்சலிலும் கேட்கலாம். விமான நிலையங்கள் அரை மணிக்கு ஒரு முறையோ மணிக்கு ஒரு முறையோ வெளியிடும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்புகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. அதில் சென்னையின் குறியீடு வி.ஓ.எம்.எம். குறிப்பிட்ட மணிநேரத்தில் இடியுடன் மழை பெய்தது என்பதற்கு அதுவும் துணை ஆவணமாகும்.

பாலிசி எப்போது வாங்கப்பட்டது என்பது இதனோடு ஒட்டிய கேள்வி. நடக்கப் போவது தெரிந்துவிட்ட பிறகு எடுக்கும் காப்பீட்டுக்குப் பணம் இல்லை என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. ஆனால் புயல் எப்போது தெரிந்த விஷயமாகிறது? இந்திய வானிலை ஆய்வுத் துறை, காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டிய பிறகே ஒரு தாழ்வு மண்டலத்தைப் புயல் என்று அறிவித்துப் பெயர் வைக்கிறது. 2024-இல் ஃபெஞ்சல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே சில நாட்கள் வங்கக் கடலில் தயங்கி நின்று, நவம்பர் 29 அன்றுதான் புயலாக வலுப்பெற்றது. அதற்கு முன்பே தொலைக்காட்சிகளும் வாட்ஸ்அப் குழுக்களும் அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டன. நவம்பர் 28 அன்று பாலிசி வாங்கியவருக்குப் புயல் தெரிந்திருந்ததா, இல்லையா? பெயர் சூட்டிய நாளை எல்லையாக வைக்கும் பாலிசி ஒன்று, எச்சரிக்கை வெளியான நாளை வைக்கும் பாலிசி இன்னொன்று, பொதுவாக அறியப்பட்ட நிகழ்வு என்று மட்டும் எழுதி எல்லையைத் தெளிவாக்காமல் விடும் பாலிசியும் உண்டு. இதனோடு, புறப்பாட்டுக்கு இத்தனை மணி நேரம் முன்னதாகவே தாமதம் அறிவிக்கப்பட்டிருந்தால் அதற்குப் பணம் இல்லை என்ற விலக்கையும் பல பாலிசிகளில் காணலாம். நவம்பரில் பயணம் என்றால், டிக்கெட் எடுத்த அன்றே பாலிசியையும் எடுத்துவிடுவது இந்தச் சர்ச்சை முழுவதையும் தவிர்த்துவிடும். முன்கூட்டி எடுப்பதற்காகப் பிரீமியம் பொதுவாகக் கூடுவதில்லை.

இணைப்பு விமானத்தைத் தவறவிடுவது இதைவிடச் செலவு பிடிக்கும் சங்கடம், சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியதும்கூட. மயிலாப்பூரில் இருக்கும் ஓர் அம்மா, மகளின் பிரசவத்துக்காகத் துபாய் வழியாக நியூ ஜெர்சிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் பதிவாகியிருந்தால், சென்னை விமானம் தாமதமாகி துபாயில் அடுத்த விமானம் போய்விட்டாலும், அவரை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அடுத்து இடமுள்ள விமானத்தில் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஏற்றிவிடுவார்கள். பெட்டியும் அவரோடு போகும். இங்கே காப்பீட்டின் வேலை சிறியது: இடைப்பட்ட நேரத்தின் சாப்பாடு, அறை, மருந்து போன்ற செலவுகள்.

சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகிறது என்று மகன் இணையத்தில் தேடி, சென்னை முதல் துபாய் வரை ஒரு நிறுவனத்திலும், துபாயிலிருந்து அமெரிக்காவுக்கு வேறொரு நிறுவனத்திலும் தனித்தனி டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தால் கதையே வேறு. முதல் நிறுவனத்தின் ஒப்பந்தம் துபாயில் இறக்கிவிட்டதோடு முடிந்தது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் வராத பயணி, டிக்கெட் காலாவதி. அன்றைய விலையில் புதிய டிக்கெட் வாங்க வேண்டும், பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும், அதற்காகக் குடியேற்றச் சோதனையைக் கடக்க விசாவும் தேவைப்படலாம். காப்பீடு மிகவும் தேவைப்படும் இந்த இடத்தில்தான் பல பாலிசிகள் ஒதுங்கிக்கொள்கின்றன. ஒரே டிக்கெட்டில் உள்ள இணைப்புகளுக்கு மட்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். தனி டிக்கெட்டுகளை ஏற்கும் பாலிசிகளும், இரு விமானங்களுக்கும் இடையே குறைந்தது இத்தனை மணி நேர இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று கேட்கும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் டிக்கெட் எடுத்துவிட்டு மழையைக் குறை சொன்னால், நீங்களே இடைவெளி விடவில்லையே என்று கடிதம் வரும்.

இது ஏட்டுக் கணக்கல்ல என்பதற்கு 2024 ஏப்ரல் 16 போதும். அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த மழை, 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அங்கே பதிவான மழைகளிலேயே அதிகம். துபாய் விமான நிலையத்தின் ஓடுபாதைகள் நீரில் மூழ்க, இயல்புநிலை திரும்பப் பல நாட்கள் ஆயின. சென்னையில் ஒரு துளி மழை இல்லாத நாளில், சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பயணங்கள் இப்படிக் குலையக்கூடும். எனவே பாலிசி வாங்கும்போது நம் ஊர் வானிலையை மட்டும் யோசித்தால் போதாது. டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியாகப் போகிறவர்களுக்கு மூடுபனி, குளிர்காலத்தில் ஐரோப்பா வழியாகப் போகிறவர்களுக்குப் பனிப்பொழிவு என்று, இடையில் இறங்கும் ஊரின் பருவமும் கணக்கில் வருகிறது.

தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து பன்னாட்டு விமானம் பிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தூத்துக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாலை விமானத்தில் வந்து, நள்ளிரவில் சிங்கப்பூர் விமானம் ஏறுவது பலரும் செய்வதுதான். இரண்டும் தனி டிக்கெட்டாக இருந்தால், தூத்துக்குடியில் பெய்த மழைக்குச் சிங்கப்பூர் விமானம் காத்திருக்காது. ரயிலில் வருகிறவர்களின் நிலை இன்னும் நுணுக்கமானது. பாலிசியின் வரையறைப் பகுதியில் பொதுப் போக்குவரத்து என்பதற்குள் ரயிலும் பேருந்தும் சேர்க்கப்பட்டிருந்தால், ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்டதற்கு இடம் உண்டு; விமானம் மட்டுமே என்று இருந்தால் இல்லை.

சென்னைக்காரர்களைப் பொறுத்தவரை மிகவும் கசப்பான விலக்கு, வீட்டிலிருந்து விமான நிலையம் வரையிலான பாதை. வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கரணையில் வண்டி நின்றுவிட்டது, ஜி.எஸ்.டி. சாலையில் நகராத நெரிசல், ஓடுபாதையோ தெளிவாக இருக்கிறது; விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. இங்கே தாமதமானது விமானம் அல்ல, பயணி. வாடகை காரும் சொந்த காரும் பொதுப் போக்குவரத்து என்ற வரையறைக்குள் வழக்கமாக வருவதில்லை என்பதால், விமானத் தாமதப் பிரிவும் உதவாது, இணைப்புப் பிரிவும் உதவாது. புறப்பாட்டைத் தவறவிடுதல் என்ற தனிப் பிரிவு சில பாலிசிகளில் இருக்கிறது. அதையும் நிபந்தனைகளோடு படிக்க வேண்டும். மழை நாளில் மெட்ரோ ரயில் ஓடிக்கொண்டிருந்தால் அதில் போய்விடுவதே எந்தப் பாலிசியையும்விட நம்பகமான பாதுகாப்பு. மழையைப் பார்த்துப் பயந்து நாமாகவே பயணத்தைக் கைவிட்டாலும் பணம் கிடைக்காது. விமானம் இயங்கும்வரை அது நமது விருப்பம் என்றே கருதப்படும்.

திரும்பி வரும் பயணத்தில் மறந்துவிடும் விஷயம் பாலிசியின் கடைசித் தேதி. டிசம்பர் 4-இல் திரும்ப வேண்டியவர் டிசம்பர் 4 வரைக்கும் சரியாகப் பாலிசி எடுத்திருக்கிறார், விமானம் 6-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகிறது. அந்த இரண்டு நாட்களில் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போனால் என்ன ஆகும்? விமானத் தாமதத்தால் திரும்ப முடியாதபோது சில நாட்களுக்குத் தானாகவே நீட்டிப்பு உண்டு என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துவிடலாம்.

இந்தத் தகவல்களையெல்லாம் எங்கே தேடுவது என்றால், பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் தொடங்கலாம். எது சேரும், எது சேராது, எத்தனை மணி நேரம் கழிக்கப்படும், புகாரை எங்கே தருவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் அந்தத் தாளைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வலியுறுத்துகிறது. டிக்கெட் விற்கும் தளங்கள் காப்பீட்டுப் பெட்டியில் தாமாகவே டிக் இட்டு வைக்கக் கூடாது என்றும் அது சொல்லியிருக்கிறது. காப்பீடு வேண்டும் என்பது பயணியே எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் பயணக் காப்பீட்டை நம்பியிருப்பவர்கள், டிக்கெட்டை அதே கார்டில் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். குடும்பமாகப் போகும்போது ஒவ்வொருவர் பெயரும் பாலிசியில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கைக்குழந்தையின் பெயர்தான் பெரும்பாலும் விடுபடுகிறது.

தாமதம் நேர்ந்துவிட்டால் விமான நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள் சில உண்டு. தாமதத்தின் கால அளவையும் காரணத்தையும் குறிப்பிடும் விமான நிறுவனத்தின் சான்றிதழ், பழைய போர்டிங் பாஸ், மாற்று விமானத்தின் போர்டிங் பாஸ், இரண்டு டிக்கெட்டுகள், செலவு ரசீதுகள், வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை உள்ள பக்கங்களின் நகல். தகவல் பலகையில் உங்கள் விமான எண்ணும் புதிய நேரமும் தெரியும்படி ஒரு ஃபோட்டோ எடுத்துவைப்பதற்கு ஐந்து விநாடி ஆகும். விமானம் உண்மையில் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்பதை விமானங்களைப் பின்தொடரும் இணையதளங்களும் சில நாட்களுக்குக் காட்டும். மறையும் முன் சேமித்துக்கொள்ளலாம். காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அன்றே தகவல் சொல்லிக் குறிப்பு எண்ணை வாங்கிவிட்டால், தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்ற காரணத்துக்கு இடமிருக்காது. புதிய டிக்கெட் வாங்க வேண்டிய நிலையில் அவர்களைக் கேட்டுவிட்டு வாங்குவது இன்னும் நல்லது, ஏனென்றால் எந்த வகுப்பு, எவ்வளவு கட்டணம் வரை ஏற்போம் என்பதை அப்போதே சொல்லிவிடுவார்கள்.

கிளைம் நிராகரிக்கப்பட்டால், எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேட்பது முதல் வேலை. பதிலில் நியாயம் இல்லை என்று தோன்றினால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டைப் பகுதியில் அந்த அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாலிசிதாரர்களின் புகார்கள் அங்கேதான் போகின்றன. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகாரைத் தர வேண்டும். இதே விஷயம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் புகாரை ஏற்கமாட்டார் என்பதால், இரண்டில் எதற்கு முதலில் போவது என்பதைத் தீர்மானித்துவிட்டே மனு எழுத வேண்டும்.